பாசி சுரண்டிய பெருங்குரலன்

மலையடிவாரத்துச் சுனை ஒன்றில் பெருங்குரலன் என்னும் தவளை வாழ்ந்து வந்தது. அதன் உடம்பு மாங்கொட்டை அளவுதான். குரலோ மிகப் பெரியது. ஒருமுறை அது கொட்டாவி விட்டபோது, எதிர்க்கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை, தன் கன்று அழைப்பதாக எண்ணி ஓடி வந்துவிட்டது!

சுனையின் நடுவே ஒரு பாறை நின்றது. அடிமுதல் உச்சிவரை அதன்மேல் பாசி பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. காக்கை அமர்ந்தாலும் வழுக்கும். ஆகவே அதற்கு வழுக்குப்பாறை என்று பெயர். அதன் உச்சியில் கிண்ணம் போன்ற ஒரு குழி இருந்தது. அக்குழியில் எந்நாளும் நீர் கசிந்து நிற்கும்.

அந்தச் சுனைத் தவளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டின் முதல் மேகம் மலைமுகட்டில் தலைகாட்டும் நாளில், ஆண் தவளைகள் ஒவ்வொன்றாகப் பாறைமேல் தாவும். மூன்றே தாவலில் உச்சியை அடைந்து, மழையை அழைத்து முதற்குரல் எழுப்பும் தவளையே அவ்வாண்டின் தலைமைப் பாடகர். நான்கு முறை வழுக்கி விழுந்த தவளையோ, சுனையை விட்டே வெளியேற வேண்டும். எருமைகள் புரளும் சேற்றுக்குட்டையில் அமர்ந்து, ஆயுள் முழுவதும் பின்பாட்டுப் பாட வேண்டும்.

பெருங்குரலன் ஏற்கெனவே மூன்று முறை விழுந்திருந்தது!

அது விழுந்த விதமும் ஒன்றுபோலவே இருந்தது. முதல் தாவல் நன்றாக அமையும். இரண்டாம் தாவல் அதனினும் நன்றாக அமையும். மூன்றாம் தாவலில், கால் பாறையைத் தொடுமுன்பே, வென்றுவிட்ட களிப்பில் வாயைப் பிளந்து பாடத் தொடங்கிவிடும். அதற்கு வாய் திறந்தால் கண் மூடிக்கொள்ளும். கண் மூடினால் கால் தவறும். ‘கொர்ர்ர்’ என்று உச்சியில் தொடங்கும் பாட்டு, ‘தொபுக்’ என்று நீரில் முடியும்.

“முதலில் உட்காருங்கள். பிறகு பாடுங்கள்!” என்று அதன் மனைவி நுணலி ஆண்டுதோறும் கூறிப் பார்த்தது.

“எல்லாம் இந்தப் பாசியால் வந்த வினை!” என்றது பெருங்குரலன்.

“பாசியா உங்கள் வாயைத் திறக்கச் சொன்னது?”

“உனக்கு இசையைப் பற்றி என்ன தெரியும்?”

“இசை தெரியாது. வழுக்காமல் ஏறத் தெரியும். நேற்றுக்கூட வயிற்றால் ஊர்ந்து ஏறி, உச்சிக் குழியில் எழுபத்திரண்டு முட்டைகள் இட்டுவிட்டு வந்திருக்கிறேன். வெயில் படாமல் பாசியால் மூடியும் வைத்திருக்கிறேன். கேட்கிறீர்களா?”

“ம்” என்றது பெருங்குரலன். அது அப்போது தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துத் தொண்டையை ஊதிப் பழகிக்கொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் கரையிலிருந்து ஓர் உடும்பு கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர் வன்பிடி. செங்குத்தான மலையாயினும், மதிலாயினும், அது பற்றினால் பற்றியதுதான். அந்த வழுக்குப்பாறையிடம் மட்டும் அதன் பிடி செல்லவில்லை. ஐந்து முறை ஏற முயன்றது. ஐந்து முறையும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியது.

நுணலி அப்பால் சென்றதும் வன்பிடி குரல் கொடுத்தது.

“பாடகரே! உங்கள் பாட்டைக் கேட்டு என் கண்கள் கலங்கிவிட்டன!”

பெருங்குரலன் ஒரே தாவலில் சுனை நடுவிலிருந்த தாமரை இலைக்குச் சென்றது. “பசியாலா?” என்று அங்கிருந்தபடியே கேட்டது.

“சீச்சீ! நான் தவளை உண்பதை விட்டு நெடுநாள் ஆயிற்று. இப்போதெல்லாம் இசை கேட்டே வயிறு நிறைந்துவிடுகிறது.”

முட்டைகளைப் பற்றி வன்பிடி ஒன்றும் சொல்லவில்லை. பெருங்குரலனும் கேட்கவில்லை.

“உங்கள் குரலில் குறையில்லை, பாடகரே! கால் வைக்கும் இடத்தில்தான் குறை. அந்தப் பச்சைப் பிசுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால் உங்களை வெல்ல யாரால் முடியும்? உச்சி வெயிலில் எல்லாரும் சேற்றுக்குள் உறங்குகிறார்கள். உங்களுக்கு ஒரு சிப்பி போதுமே!”

“அது வழக்கத்திற்கு மாறாகாதா?”

“வழக்கம் என்ன சொல்கிறது? மூன்று தாவல்! பாசியின்மேல்தான் தாவ வேண்டும் என்று யாரேனும் சொன்னதுண்டா?”

“இல்லை!”

“பிறகென்ன?”

பெருங்குரலன் அன்று நண்பகலே ஒரு சிப்பியைத் தேடி எடுத்துப் பாறையின் அடியைச் சுரண்டத் தொடங்கியது. நான்கு கீறல்கூட ஆகவில்லை.

“ஓய்! யாரங்கே என் திரையைக் கிழிப்பது? நான் குளித்துக்கொண்டிருக்கிறேன்!” என்று பாறை இடுக்கிலிருந்து ஒரு நண்டு அலறியது.

“நாள் முழுவதும் தண்ணீரிலேயே கிடக்கிற உமக்குத் தனியாகக் குளியல் வேறா? இது திரையன்று, பாசி!”

“வெளியே இருக்கிற உமக்குப் பாசி, உள்ளே இருக்கிற எனக்குத் திரை!” என்ற நண்டு, இரு கொடுக்குகளாலும் உடம்பை மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடி ஒளிந்தது.

மறுநாள் நண்பகலில் பெருங்குரலன் பாறையின் இடுப்புவரை சுரண்டியது. அங்கே ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, அதை எடுக்காதே! அது என் காலை உணவு” என்றது நத்தை.

“பொழுது உச்சிக்கு வந்துவிட்டதே! இன்னுமா காலை உணவு?”

“இது நேற்றைய காலை உணவு. இன்னும் பாதிகூட முடியவில்லை.”

பெருங்குரலன் நத்தையை மெல்லத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதன் உணவைச் சுரண்டியது.

மூன்றாம் நாள் அது உச்சிவரை வந்துவிட்டது. அப்போது இரண்டு கொண்டைக்குருவிகள் படபடவென்று வந்திறங்கின.

“ஐயையோ! எங்கள் பிள்ளைகளுக்கு மெத்தை தைக்க வைத்திருந்த பாசி!” என்றது பெண்குருவி.

“மழை முடியட்டும், திருப்பித் தருகிறேன்.”

“மழை முடியும்வரை முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறீரா?” என்று ஆண்குருவி சீறியது.

“உமக்கென்ன ஐயா, வைத்திருப்பவள் நான்!” என்று பெண்குருவி அதன்மேல் பாய்ந்தது. இரண்டும் சண்டையிட்டவாறே பறந்து சென்றன.

பெருங்குரலன் சிப்பியை ஊன்றி நின்று சிந்தித்தது. ‘பாசி ஒன்றுதான். நண்டு அதைத் திரை என்கிறது. நத்தை உணவு என்கிறது. குருவி மெத்தை என்கிறது. நானோ எதிரி என்கிறேன். நால்வரில் யார் சொல்வது சரி? நான் சொல்வதே சரி. ஏனெனில் என் குரலே பெரியது!’

சுரண்டிய பாசியை நீரில் எறிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அவ்வப்போது நுணலியைப் போலவே வயிற்றால் ஊர்ந்து அதை உச்சிக்குக் கொண்டுசென்று குவித்து, குழியின் நீரைத் தெளித்துத் தட்டித் தட்டி ஓர் அரியணை செய்தது. தலைமைப் பாடகர் வெறுந்தரையிலா அமர்வது? சாய்ந்துகொள்ளச் சற்றுப் பாசி குறைந்தது. குழியின்மேல் நுணலி மூடியிருந்த பாசியையும் உருவி எடுத்துக்கொண்டது. உள்ளே எழுபத்திரண்டு முட்டைகளும் முத்துகளைப் போல் ஒளிர்ந்தன.

“அடடா! தந்தையின் பாட்டை முதல் வரிசையில் இருந்து கேட்கும் பேறு யாருக்குக் கிடைக்கும்!” என்று பெருங்குரலன் பூரித்துப் போயிற்று.

மறுநாள் காலையில் முதல் மேகம் மலைமுகட்டில் தலைகாட்டியது. தவளைகள் அனைத்தும் மேகத்தையே அண்ணாந்து பார்த்தவாறு பாறையைச் சூழ்ந்து மிதந்தன. “நான்காம் முறை விழப் போகிறவர் முதலில் வரட்டும்!” என்று ஒரு தவளை கேலி செய்தது. மற்றவை சிரித்தன.

பெருங்குரலன் தாவியது. ஒன்று! இரண்டு! மூன்று! மூன்றாம் தாவலில் வழக்கம்போல் வாய் திறந்தது, கண் மூடியது. ஆனால் கால் மட்டும் தவறவில்லை. உலர்ந்த பாறை அதன் பாதங்களைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டது. பெருங்குரலன் கண்ணைத் திறந்து பார்த்தது. தான் உச்சியில் நிற்பதைக் கண்ட திகைப்பில் அதற்குப் பாட்டே மறந்துவிட்டது!

“பாறையைப் பாருங்கள், மொட்டையாகிவிட்டது!” என்று கீழே ஒரு தவளை கத்தியது.

“அப்படியானால் நானும் ஏறலாமே!” என்று ஒரு குண்டுத் தவளை தாவியது. மூன்றே தாவலில் உச்சிக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் பத்து. சற்று நேரத்தில் உச்சியில் நாற்பது தவளைகள் ஒன்றன் தோள்மேல் ஒன்றாக நின்றன.

“நான்தான் தலைமைப் பாடகர்!”

“என் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறவர் எனக்குத் தலைவரா? இறங்கும் ஐயா!”

“தள்ளாதீர்கள்! இது என் அரியணை!” என்று பெருங்குரலன் கதறியது.

அப்போது பாறையின் பின்புறம் ‘கரக், கரக்’ என்று நகங்களின் ஒலி கேட்டது. அகன்ற தலை ஒன்று மேலே எழுந்தது.

“எனக்கும் சற்று இடம் இருக்குமா?” என்று கேட்டது வன்பிடி.

தொபுக்! தொபுக்! தொபுக்! இமைப்பொழுதில் நாற்பது தவளைகளும் நீருக்குள் மறைந்தன. உச்சியில் பெருங்குரலன் மட்டும் எஞ்சியது.

“ஐயா, இசை கேட்க வந்தீர்களா?” என்று அது நடுங்கியவாறு கேட்டது.

“ஆம், பாடகரே! நீங்கள் பாடுங்கள். நான் உண்டுகொண்டே கேட்கிறேன்.”

“எதை உண்டுகொண்டு?”

“உங்களுக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த முத்துகளை. இத்தனை நாள் அந்தப் பாசிதான் என்னை ஏறவிடாமல் தடுத்தது. நன்றி, பாடகரே! மிகத் தூய்மையாகச் சுரண்டியிருக்கிறீர்கள்!”

கீழே நுணலி, “ஐயோ, என் பிள்ளைகள்!” என்று அலறிக்கொண்டு பாறைமேல் ஏறத் தொடங்கியது. பெருங்குரலன் நீரைப் பார்த்தது. ஒரே தாவலில் தப்பிவிடலாம். குழியைப் பார்த்தது. எழுபத்திரண்டு முட்டைகளுக்கும் தாவக் கால்கள் இன்னும் முளைக்கவில்லை. தான் தோண்டிய பள்ளத்தில் தன் பிள்ளைகள் விழப் போவதை அது அப்போதுதான் உணர்ந்தது.

வன்பிடி இன்னும் ஓரடி ஏறியது.

பெருங்குரலன் குழியின் விளிம்பில் முதுகை முட்டுக்கொடுத்து, இரு பின்னங்கால்களாலும் தன் அரியணையை ஓங்கி உதைத்தது! மூன்று நாள் நீர் குடித்து ஊறியிருந்த பாசி, குவியலோடு சரிந்தது. உதைத்த வேகத்தில் பெருங்குரலனும் அதன்மேல் ஏறிச் சறுக்கியது. வழக்கம்போல் வாய் திறந்தது, கண் மூடியது.

“கொர்ர்ர்ர்ர்!”

அப்படியொரு குரலை அந்த மலை அதுவரை கேட்டதில்லை. அது நேரே வன்பிடியின் காதுக்குள் புகுந்தது. பாசியோ அதன் முகத்தில் அப்பியது. முகத்தைத் துடைப்பதா, காதைப் பொத்துவதா என்று தெரியாமல் வன்பிடி இரண்டு முன்னங்கால்களையும் தூக்கிவிட்டது. பின்னங்கால்களின் அடியிலும் பாசி! பேர்பெற்ற உடும்புப்பிடி நழுவிற்று.

‘தொபுக்!’ என்றது ஒரு சிறிய ஒலி. ‘தொப்பீர்!’ என்றது ஒரு பெரிய ஒலி.

தலையில் பச்சைத் தலைப்பாகையோடு வன்பிடி நீருக்கு மேல் எழுந்தது.

“அதோ நம் மெத்தை!” என்று கொண்டைக்குருவிகள் இரண்டும் அதன் தலையைக் கொத்திப் பாசியைப் பிய்த்தன. “கொண்டு வாரும் என் திரையை!” என்று நண்டு அதன் வாலைக் கவ்வியது. “என் காலை உணவு!” என்று நத்தையும் போருக்குப் புறப்பட்டது, ஆனால் அது மறுநாள் மாலையில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் வன்பிடி கரையேறிக் காட்டுக்குள் ஓடிவிட்டது. நுணலி உச்சிக்கு ஏறிப் பார்த்தது; எழுபத்திரண்டு முட்டைகளும் குழியில் அப்படியே இருந்தன.

அந்தப் பெருங்குரல் கேட்டோ, தானாகவோ தெரியவில்லை, மழை கொட்டியது. தவளைகள் மழையில் நனைந்தவாறு கூடின. “முதற்குரல் எழுப்பியவர் பெருங்குரலன்தானே!” என்றது குண்டுத் தவளை.

“இல்லை” என்றது பெருங்குரலன். அதன் குரல் அன்றுதான் முதன்முறையாகச் சிறியதாக ஒலித்தது. “பாசியைச் சுரண்டியது நான். நான் ஏறியது ஏற்றமே அன்று. என்னைச் சேற்றுக்குட்டைக்கு அனுப்பிவிடுங்கள்.”

தவளைகள் நெடுநேரம் வாதிட்டன. முடிவில், பெருங்குரலனின் நான்காம் முயற்சியை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிவைத்தன. அதுவரை பாறைக்குப் பாசி வளர்ப்பது பெருங்குரலனின் வேலை என்றும் விதித்தன.

அன்றுமுதல் பெருங்குரலன் எஞ்சிய பாசியைத் துண்டு துண்டாகப் பாறையில் ஒட்டியது. நாள்தோறும் தன் பெரிய வாய் நிறைய நீரை மொண்டு வந்து தெளித்தது. வாயில் நீர் இருந்ததால் பேசவும் முடியவில்லை, பாடவும் முடியவில்லை. “இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது” என்று நுணலி பக்கத்து வீட்டுத் தவளையிடம் கூறியது.

அடுத்த ஆண்டு முதல் மேகம் தலைகாட்டியது. பெருங்குரலன் வாயை இறுக மூடிக்கொண்டு, கண்களை அகலத் திறந்துகொண்டு தாவியது. ஒன்று! இரண்டு! மூன்று! உச்சியைத் தொட்டது, உட்கார்ந்தும்விட்டது. உட்கார்ந்தபடியே மெல்ல மெல்லச் சறுக்கிக்கொண்டு வந்து, ‘தொபுக்’ என்று நீரில் விழுந்தது!

அடுத்துக் குண்டுத் தவளை தாவியது, விழுந்தது. அதன்பின் நாற்பது தவளைகளும் தாவின, நாற்பதும் விழுந்தன. பாசி அத்தனை செழிப்பாக வளர்ந்திருந்தது!

“நான்காம் முறை விழுந்துவிட்டாரே! பெருங்குரலன் குட்டைக்குப் போக வேண்டாமா?” என்று ஒரு தவளை கேட்டது.

“போனால் பாசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? நீ ஊற்றுகிறாயா?” என்று குண்டுத் தவளை அதட்டியது. பிறகு எல்லாத் தவளைகளும் நீரில் கிடந்தபடியே ஒன்றாகக் கத்தின. மழையும் குறைவின்றிப் பெய்தது.

பெருங்குரலன் மட்டும் நீரிலிருந்து தலையைத் தூக்கி, “எப்படி வளர்த்திருக்கிறேன், பார்த்தீர்களா!” என்று பெருமையுடன் கூவியது. தொலைவில், புதரின் ஓரத்தில் படுத்திருந்த வன்பிடி பெருமூச்சு விட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

நம்மை வழுக்கச் செய்வதெல்லாம் நமக்குப் பகையாகிவிடாது. அதை அகற்றுவதற்கு முன், அது வேறு யாரை வழுக்கி விழச் செய்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.