நிறுத்து பொத்தான்

வேலாயுதத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு மாலை வகுப்பில் மின்னணுவியல் சொல்லிக்கொடுத்த அமுதவல்லிக்கு முப்பத்தாறு. இவர் டீச்சர் என்பார், அவர் அண்ணா என்பார்.

அன்று மதியம் வேலாயுதம் அமுதவல்லியிடம் ஒரு ரிமோட்டோடும், அதன் சிக்னலை வாங்கும் ரிசீவரோடும் வந்தார். இரும்பு வார்க்கும் ஆலையில் கிரேனை ஏற்றி இறக்கும் ரிமோட். அவரே வடிவமைத்தது. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. கழுத்தில் மாட்டினால் கனமே தெரியாது. அதில் அவருக்குப் பெருமை.

இரண்டு நாள் முன்பு அந்தக் கிரேன் இறக்கிய, மணல் நிரம்பிய இரும்பு அச்சுப்பெட்டிக்கு அடியில் சின்னமுத்து என்ற தொழிலாளி நசுங்கிச் செத்தார். ரிமோட்டை இயக்கிய இருதயராஜ் போலீஸ் காவலில் இருந்தார்.

"நிறுத்து பொத்தானை அழுத்துனேன், அழுத்துனேன்னு அழுவுறாருங்க. பேட்டரிய நானே அளந்தேன். ரெண்டு புள்ளி ஒம்பது வோல்ட். புதுசே மூணுதான். செல்போனை நோண்டிட்டு இருந்திருப்பாரு. நாலு மணிக்கு போலீசுக்கு அறிக்கை கொடுக்கணும், பாருங்க டீச்சர்."

அறிக்கை இரண்டே வரி. பேட்டரியில் குறையில்லை. இயக்கியவர் அழுத்தவில்லை.

"முன்னாடி ஏதாவது சொல்லியிருக்காரா?"

"சில சமயம் ரெண்டு மூணு தரம் அழுத்த வேண்டியிருக்குன்னாரு. அப்பவும் அளந்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

"எப்படி அளந்தீங்க?"

"எதையும் அழுத்தாம, மேஜை மேல வச்சுத்தான்."

அமுதவல்லி ரிமோட்டின் ரிசீவரில் ஒரு பல்பை மாட்டினார். 'இறக்கு' பொத்தானை அழுத்தினார். பல்பு எரிந்தது. உடனே 'நிறுத்து' பொத்தானை அழுத்தினார்.

பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

மறுபடி அழுத்தினார். மறுபடியும். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார்.

"போதும் டீச்சர்."

அவர் நிறுத்தவில்லை. இன்னும் நான்கு முறை அழுத்திவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார். இரண்டு புள்ளி ஒன்று. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எண் மெல்ல ஏறியது. இரண்டு புள்ளி ஐந்து, ஏழு, எட்டு. கொஞ்ச நேரத்தில் இரண்டு புள்ளி ஒன்பதில் வந்து நின்றது, ஒன்றுமே நடக்காதது போல.

"மொத தரம் சிக்னல் அனுப்பறதுக்கே பேட்டரில இருந்த தெம்பு போயிடுது, சும்மா வச்சாத்தான் திரும்ப ஏறுது. பக்கத்துல சார்ஜைச் சேத்து வைக்க ஒரு கெப்பாசிட்டர் போடச் சொல்லியிருந்தேனே?"

"தடிமனா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

"இப்ப நான் என்ன எழுதறது டீச்சர்?"

அமுதவல்லி அறிக்கையைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார்.

"அவரு அழுத்தினாருன்னு எழுதுங்கண்ணா. கெப்பாசிட்டரை எடுத்தது யாருன்னு கீழ உங்க பேரை எழுதுங்க."