பாறை இடுக்கில் இரண்டு பொட்டலம்

வடக்கே, கோடையில் சூரியன் மறையாத நாட்டில், கருங்கல் சிகரங்கள் வரிசையாக நிற்கும் ஓரிடம் உண்டு. மனித முகம் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரைக் குடிசைக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும்.

அங்கே மலையேறக் கற்றுக்கொடுத்த மெய்யம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்த திருவேங்கடத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் அரிசிக் கிடங்கைக் காத்த மனிதர். எதிலும் கொஞ்சம் ஒதுக்கி வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அடிவாரத்தில், கற்குவியலுக்குள் ஒரு தகரப்பெட்டி இருந்தது. ஏறுகிறவர்கள் திரும்பும்போது சாப்பிட அதில் உணவு வைத்துவிட்டுப் போவார்கள். இடையில் பசியோடு யார் வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். பூட்டு கிடையாது. அதுதான் அங்கே வழக்கம்.

அவலும் வெல்லமுமாக நான்கு பொட்டலங்களைக் கொடுத்து, பெட்டியில் வைக்கச் சொன்னார் மெய்யம்மை. திருவேங்கடம் இரண்டை வைத்தார். மற்ற இரண்டையும், குரு பார்க்காத நேரமாக, தள்ளி ஒரு பாறை இடுக்கில் செருகிக் கல்லால் அடைத்தார்.

நான்காம் நாள் உச்சியில் நின்றார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் கல்லும் பனியும்தான். திருவேங்கடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் பார்க்கக் கொடுத்துவைத்ததற்கு யாருக்காவது நன்றி சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது.

"யாருக்கும்மா நன்றி சொல்றது? இங்க ஆளும் இல்ல, கோயிலும் இல்ல."

"யாருக்குன்னு கீழ போனதும் சொல்றேன்," என்றார் மெய்யம்மை.

இறங்கும் வழியில் புயல் அவர்களை ஒரு நாள் முழுக்கக் கூடாரத்தில் அடைத்துப்போட்டது. அடிவாரம் வந்தபோது இருவரும் ஒன்றரை நாள் பட்டினி. திருவேங்கடம் நேரே தன் பாறை இடுக்குக்குத்தான் ஓடினார். கல் நகர்ந்திருந்தது. நரி கிழித்துப் போட்ட காகிதம் மட்டும் மிச்சம்.

பெட்டியருகே புதிதாகக் காலடித்தடம் தெரிந்தது. தனி ஆள். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தவர், கடற்கரைப் பக்கம் போயிருந்தார். சாப்பிடாமல் இன்னும் இரண்டு நாள் நடக்கத் தன்னால் முடியாது என்று திருவேங்கடத்துக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்தார். ஒரு பொட்டலம் இருந்தது.

மெய்யம்மை அதை நான்கு பங்காகப் பிரித்தார். இன்றைக்கு ஆளுக்கொன்று, நாளைக்கு ஆளுக்கொன்று. வாயில் அவலை வைத்துக்கொண்டே திருவேங்கடம் உண்மையைக் கொட்டிவிட்டார். நன்றாகத் திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவல்னா என்னன்னே தெரியாத யாரோ ஒருத்தர். கால் வேற சரியில்ல. இருந்த ரெண்டுல ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கார். அவருக்கு நான் நன்றி சொல்லணும்மா. எங்க போய்த் தேடுவேன்?"

மெய்யம்மை காலிப் பெட்டியை மூடி, மேலே கற்களை அடுக்கினார்.

"நீங்க வச்சதுல ஒண்ண எடுத்துக்கிட்டு இதே பெட்டிய மூடும்போது, யாருன்னு தெரியாமலே அவர் உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பார், ஐயா. முதல்ல அதை வாங்கிக்குங்க."