டிவியில் வராத முகம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, இறால் உரித்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஜெபக்கனி வேலை பார்த்தார். ஒருநாள் அங்கே குளிர்பதன அறையில் அமோனியா கசிந்து ஏழு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். வெளிக்கதவு பூட்டிக் கிடந்ததால் அவர்களைத் தூக்கிவர நேரமாயிற்று. பார்த்தவர்கள் பலர். பேசத் துணிந்தவர் ஜெபக்கனி மட்டும்தான்.

தேடி வந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் முகுந்தனிடம் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

“டிவியில என் மூஞ்சி வரக்கூடாது சார். எங்க வீட்டுக்காரரும் அங்கதான் வண்டி ஓட்டுறாரு. மேனேஜர் கண்ணுல பட்டா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாரு.”

“டிவியில உங்க முகம் வராதும்மா. இது நான் குடுக்கற வாக்கு.”

அலுவலகத்தில் மறைத்துக்கொள்ளலாம் என்று முகம் தெரியவே பதிவு செய்தார் முகுந்தன். பதிவோடு ஒரு குறிப்பும் அனுப்பினார்: ‘தொலைக்காட்சியில் ஒளிபரப்பும்போது பெண்ணின் முகத்தை மறைக்கவும்.’ அன்று மாலைச் செய்தியில் அப்படியே மறைத்துக் காட்டினார்கள். வீட்டிலிருந்து பார்த்த ஜெபக்கனிக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை, அதே தொலைக்காட்சி நிறுவனத்தின் இணையப் பிரிவில் இருந்த சுபாஷினி மூலப் பதிவை முகத்தோடு இணையத்தில் ஏற்றினார். குறிப்பை அவர் படித்திருந்தார். அது தொலைக்காட்சிக்குத்தானே, நமக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு முகுந்தன் தன் செல்போனில் அதைப் பார்த்தார். கீழே அவர் பெயர் போட்டிருந்தது. மதியத்துக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நண்பர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அவர் சுபாஷினியிடம் எதுவும் சொல்லவில்லை.

மாலையில் மேனேஜர் ஜெபக்கனியை அழைத்துத் தன் செல்போனை நீட்டினார். கணவன், மனைவி இருவருக்கும் வேலை போயிற்று. அதே வாரம் அதிகாரிகள் வந்து கம்பெனிக் கதவின் பூட்டை அகற்றினார்கள். அந்தக் காட்சி பரவியிராவிட்டால் வந்திருக்க மாட்டார்கள்.

ஜெபக்கனி முகுந்தனுக்குப் போன் செய்தார்.

“டிவியில வரலையேம்மா. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்” என்றார் அவர்.

“போன்ல வந்தது மட்டும் யார் மூஞ்சி சார்?” என்று கேட்டுவிட்டு ஜெபக்கனி போனை வைத்துவிட்டார்.

குறிப்பில் எழுதியதை மீறவில்லை என்றார் சுபாஷினி. தன்னால்தான் பூட்டு கழன்றது என்றும் சொன்னார்.

வாசகர்களே, கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா? இல்லையென்றால் மீறியவர் முகுந்தனா, சுபாஷினியா?

விடை: தொலைக்காட்சி என்றால் வீட்டில் இருக்கும் பெட்டி. அதை நடத்தும் நிறுவனமும் தொலைக்காட்சிதான், அதில் ஓடும் நிகழ்ச்சியும் தொலைக்காட்சிதான். இவற்றில் தமக்கு வசதியான பொருளை இருவரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வாக்குக்குப் பொருள் சொல்ல வேண்டியது அதைக் கேட்டு வாங்கியவர். மேனேஜர் பார்க்கக்கூடாது என்பதுதான் ஜெபக்கனி கேட்டது. சுபாஷினி ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். ஆனால் ஜெபக்கனியின் பயம் அவர் காதில் விழவில்லை. முகுந்தன் காதில் விழுந்தது. காலை ஒன்பது மணிக்குப் பார்த்தவர் மாலைவரை வாயைத் திறக்கவில்லை. மீறியவர் அவரே. பூட்டு கழன்றது நல்லதுதான். அதற்காக இரண்டு பேருடைய பிழைப்பைக் கொடுக்கலாமா என்று ஜெபக்கனியை யாரும் கேட்கவில்லை. அந்தக் காட்சியை இன்னும் நீக்கவும் இல்லை.