கான்கிரீட்டுக்கு ஆகாத தண்ணீர்

அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டை, இருசாயியின் ஊர்க் கிணற்றுக்கு நேர் மேட்டில் இருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. அவள் நிலைய மேலாளர் கேசவமூர்த்தியிடம் போய் முறையிட்டாள்.

"அந்தச் சாம்பலை சிமெண்ட்டோட கலந்துதான் எங்க ஆபீஸையே கட்டுறோம். அதுவா கெடுதல்? தண்ணி கெட்டதுன்னு லேப் காகிதம் கொண்டா, பார்க்கலாம்" என்று சிரித்தார்.

கூலிக்காரிக்கு எந்த லேப் கதவு திறக்கும்? ஆனால் இருசாயி அந்தக் கட்டடத்திலேயே சித்தாள். கலவைக்கு ஊற்றும் தண்ணீரைச் சோதிக்காமல் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய், "கலவைக்குத் தண்ணிங்க" என்று கட்டட லேபில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காகிதம் வந்தது: 'கம்பியை அரிக்கும். பயன்படுத்தக் கூடாது.' கீழே கேசவமூர்த்தியின் கையெழுத்து.

அதை அவர் மேசையிலேயே வைத்தாள். "இது எங்க கிணத்துத் தண்ணிங்கய்யா. கம்பியையே அரிக்கிறது, பிள்ளைங்க குடலை விட்டுவைக்குமா?"

அவர் போனை எடுத்து லாரிக்குச் சொன்னார்.

மறுநாள் காலை நல்ல தண்ணீர் லாரி வந்தது. ஊரே குடத்தோடு ஓடியது. லாரி நிற்காமல் கட்டடத்துக்குப் போனது.