ஓடைக்குப் போன மீசை

கொழுக்கட்டைப்பாறை என்ற ஊரில் மூளைக்குப் பஞ்சமில்லை. யாரும் செலவழிக்காததால் வைத்தது வைத்தபடி இருந்தது. அங்கே எழுதத் தெரிந்த ஒரே ஆள் பெத்தணன். ஊரிலேயே பெரிய மீசையும் அவனுடையதுதான்.

ஒருநாள் வரைபடம் போடும் அதிகாரி வந்தார். "உங்கள் மலையோடைக்கு இன்னும் பெயரில்லை. அது தொடங்கும் இடத்திலிருந்து ஆற்றில் கலக்கும் இடம்வரை கூடவே நடந்துபோய், பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எந்த ஊர் முதலில் கொடுக்கிறதோ, அந்த ஊர்ப் பெயர்தான் ஓடைக்கு" என்றார்.

அதே ஓடைக்கரையில் மேலே தேன்கல் ஊரில் இருந்த பெத்தணனின் மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்களாவது, எழுதுறதாவது மச்சான்!"

பெத்தணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தோத்தா மீசையை எடுத்துடறேன் மாப்ளே!"

புதன்கிழமை காலை பெத்தணன், அவன் கூட்டாளிகள் ஒண்டிவீரன், கூழையன் மூவரும் மலையுச்சியில் ஊற்றுக்கண் பக்கத்தில் நின்றார்கள். நோட்டைத் திறப்பதற்குள் தண்ணீர் கிளம்பிவிட்டது.

"கூடவே நடக்கச் சொன்னாரு. இது நம்மள விட்டுட்டு ஓடுதே!" என்று பதறினான் கூழையன்.

ஒண்டிவீரன் நிதானமானவன். திருஷ்டி கழிக்கக் கொண்டுவந்த பூசணிக்காயைத் தண்ணீரில் விட்டான். "இது போற வேகம்தான் ஓடை போற வேகம். இதை விட்டு நகரக்கூடாது."

பூசணிக்காய் சற்றுத் தூரம் போய்ப் பாறையிடுக்கில் சிக்கியது. மூவரும் உட்கார்ந்தார்கள். 'ஓடை இங்கே ஓய்வெடுக்கும்' என்று பெத்தணன் எழுதினான். மறுநாள் காலை ஒரு குரங்கு வந்து பூசணிக்காயைத் தள்ளிவிட்ட பிறகுதான் ஓடை மறுபடி கிளம்பியது.

அருவி வந்தது. பூசணிக்காய் குதித்தது. அவர்களும் குதித்தார்கள். பூசணிக்காய் உடைந்தது, மற்றவை பெரும்பாலும் உடையவில்லை.

அருவிக்குச் சற்றுக் கீழே ஓடை மணலுக்குள் இறங்கி மறைந்தது. நிலவியல் படித்தவர்களிடம் இதற்கு நல்ல விளக்கம் உண்டு. அவர்களில் ஒருவரும் அப்போது பக்கத்தில் இல்லை.

"விழுந்ததுல உள்காயம். போய்ச் சேந்துடுச்சு" என்று ஒண்டிவீரன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

கூழையன் விம்மினான். "பிள்ளை இல்லாத ஓடையாச்சே! யாரு மீசையை எடுக்கிறது?"

"அதோட தண்ணியைக் குடிச்சு வளர்ந்த நாமதான் பிள்ளைங்க. மூத்தவன் யாரு?" என்று கேட்டான் ஒண்டிவீரன்.

மூத்தவன் பெத்தணன். மீசையைக் காப்பாற்றத்தான் இந்த மலையே ஏறியிருந்தான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! கூழையனின் பேனாக்கத்தியால் மீசையை மழித்து, ஓடை மறைந்த இடத்திலேயே மணலில் புதைத்தார்கள். 'ஓடை காலமானது' என்று பெத்தணன் எழுதினான்.

நாற்பது அடி நடந்தார்கள். அங்கே ஓடை மணலிலிருந்து வெளியே வந்து சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கூழையன் திரும்பிப் போய் மணலைப் பார்த்துவிட்டு வந்தான்.

"அங்க மண்ணுக்குள்ள போனது இங்க வெளிய வருது" என்றான் கூழையன் மெல்ல.

பெத்தணன் மேலுதட்டைத் தடவினான். "அப்போ மீசையும்..."

உடனே ஒண்டிவீரனின் வேட்டியை அவிழ்த்து ஓடைக்குக் குறுக்கே பிடித்தார்கள்.

சனிக்கிழமை மைத்துனன் தேடிக்கொண்டு வந்தான். "அதிகாரி நேத்தே எங்க ஊர்ப் பேரை எழுதிட்டுப் போயிட்டாரு. பந்தயப்படி மீசையை எடு மச்சான்!"

பெத்தணன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்ன சொல் தவற மாட்டேன் மாப்ளே. மீசை வந்ததும் ஒட்டிக்கிட்டு, உன் கண் முன்னாடியே எடுத்துடறேன்."

மைத்துனன் கொஞ்சம் யோசித்தான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஓடையில் இறங்கி வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"முதல்ல வர்றது இடது பக்கமா மச்சான், வலது பக்கமா?"