ஆட்காட்டி ஏன் கத்திக்கொண்டே இருக்கிறது

பறவையும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கரடிக்கல் மலைமேல் ஒரு கோட்டை இருந்தது. ஏழு தடவை படை வந்தும் ஒருவனாலும் உள்ளே கால் வைக்க முடியவில்லை. மதில் பெரிதென்று நினைத்துவிடாதீர்கள். அதன் உச்சியில் ஓர் ஆட்காட்டிக் குருவி காவல் இருந்தது, அதுதான் காரணம்.

பகைவன் தலை தெரிந்தால் ஆட்காட்டி குரல் கொடுக்கும். குரல் கேட்டதும், ஏன் எதற்கு என்று கேளாமல், காவலர்கள் மதில் விளிம்பில் குவித்திருக்கும் உருண்டைக் கற்களைத் தள்ளிவிடுவார்கள். ஏறி வந்தவன் கதை அத்தோடு முடிந்தது.

ஒரு வருஷம் ஆட்காட்டிக்குப் புத்தி எங்கே போனதோ, அந்தக் கற்குவியலுக்குள்ளேயே நாலு முட்டை இட்டுவிட்டது. கல் நிறத்து முட்டை, காக்கை கண்ணில் படாது என்று நினைப்பு. காவல் தலைவன் ஐயாறனிடம் சொன்னால் எடுத்து வேறிடத்தில் வைப்பான். மனிதக் கை பட்டால் குஞ்சு பொரிக்காதே என்று அதற்குப் பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருபது நாளைத் தள்ளியது. இத்தனைக்கும் ஐயாறன் தங்கமான மனிதன். தன் கம்பஞ்சோற்றில் அதற்கு ஒரு பிடி வைக்காமல் வாயில் வைக்கமாட்டான்.

ஐப்பசி அடைமழையில் ஒரு பகல். எதிரே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. முட்டைக்குள்ளே குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தன. அந்த நேரம் பார்த்துக் கீழே பகைவர்கள் ஏணி சாத்தினார்கள். ஆட்காட்டியின் கண்ணுக்கு மட்டும் அது தப்பவில்லை. கத்தினால் கல் உருளும். கல்லோடு பிள்ளைகளும் உருளும்.

"கீழே ஏதோ சத்தம் கேக்குதே, தங்கச்சி?" என்றான் ஐயாறன்.

"மழைத்தண்ணி விழுற சத்தம், அண்ணே. வேற ஒண்ணுமில்ல."

அவன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை, மதிலேறி வந்தவனின் வாள் அவன் கழுத்தில் இறங்கியது.

ஐயோ என்று அப்போதுதான் ஆட்காட்டி கத்தியது. குரல் கேட்ட மற்றக் காவலர்கள், வழக்கம்போல, கேள்வி கேட்காமல் கற்களைத் தள்ளினார்கள். கீழே பகைவன் ஒருவனும் மிச்சமில்லை, எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். நாலு முட்டையும் கல்லோடு போய் நொறுங்கின. பொழுது சாய்வதற்குள் கோட்டையும் விழுந்தது.

அந்த நாள் தொட்டுத்தான் ஆட்காட்டி உயரத்தில் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளித் தரையில் முட்டையிடுகிறது. ஆடு மேய்ப்பவன் வந்தாலும் சரி, நீங்கள் சும்மா நடந்து போனாலும் சரி, தலை தெரிந்ததுமே கத்துகிறது, கேட்பதற்கு ஐயாறன் இல்லாவிட்டாலும்.