விரல் தாங்கும் சூடு

“பித்தளை சரியில்லை” என்றார் சவரிமுத்து.

உலகம்மை நிமிரவில்லை. அரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை கிழிஞ்சுது?”

“பதினஞ்சுல பன்னெண்டு.”

“மூணு தாங்கியிருக்கே.”

“மூணை வச்சு என்ன செய்ய? மாலை போட்டுக் கும்பிடவா?”

சவரிமுத்துவுக்கு அறுபத்தாறு வயது. உலகம்மைக்கு நாற்பத்திரண்டு. ஆனாலும் அந்தத் துப்பாக்கிப் பட்டறையில் அவள்தான் ஆசான், அவர் சீடர். உரிமம் அவள் பெயரில் இருந்தது. வித்தையும் அவள் கையில்தான் இருந்தது.

அவர் பஞ்சாலையில் கடைசல்காரராக இருந்தவர். அதைவிடச் சங்கத் தலைவராக இருந்தவர். ஏழு முறை சிறை கண்டவர். ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. சங்கம் நான்காகப் பிரிந்தது. நான்கிலும் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை.

கடைசல் எந்திரம் மட்டும் அவர் கையை மறக்கவில்லை. அதனால் உலகம்மை சேர்த்துக்கொண்டாள்.

ஊரார் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார். முதல் வருஷம் கிண்டலாகக் கூப்பிட்டார். மூன்றாம் வருஷத்தில் கிண்டல் எங்கேயோ வழியில் இறங்கிப் போயிருந்தது.

இப்போது அவர் ஒரு தோட்டா வரைந்திருந்தார். எந்தக் கம்பெனியும் செய்யாத தோட்டா. எந்தக் கடையிலும் கிடைக்காத தோட்டா. அவருக்கு அது பிடித்துப்போனதே அதனால்தான்.

ரைபிள் கிளப்பின் பழைய துப்பாக்கி ஒன்றை அதற்கென்று கொடுத்தார்கள். தோட்டா உட்காரும் அறையை ரீமர் என்ற துளைக்கருவி விட்டு மயிரிழை மயிரிழையாக அகலப்படுத்தினார். மூன்று நாள் வேலை. அறை கண்ணாடியாக வந்தது. உலகம்மையே விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அறை தயார். அதில் உட்காரத் தோட்டாக்கூடு வேண்டுமே. அதைத்தான் எவரும் விற்பதில்லை.

அதற்கு ஒரு வழி உண்டு. கிளப்பில் கிடைக்கும் பழைய தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கொஞ்சமாக வெடிமருந்து போட்டுப் புதிய அறையில் வைத்து மண்மேட்டைப் பார்த்துச் சுட வேண்டும். உள்ளே எரியும் தீயில் பித்தளை உப்பி அறையின் உருவத்துக்கு வரும். அந்த முதல் வெடிக்கு இலக்கு கிடையாது. கூடு மாறினால் போதும்.

மாறாமல், குண்டு செருகும் கழுத்தில் கிழிந்தது. பதினைந்தில் பன்னிரண்டு.

“அறையில குத்தமில்ல. நீங்களே பாத்தீய” என்றார் சவரிமுத்து. “மருந்துலயும் குத்தமில்ல. தீயில போனா அறை மாதிரி ஆகணும். அதுக்குத்தான தீ? ஆகாமக் கிழியுதுன்னா அது கோழைப் பித்தளை.”

“கோழைப் பித்தளை” என்று உலகம்மை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

பிறகு, “வெளியில மாசானம் அண்ணாச்சி இருக்காவ” என்றாள்.

“இருக்கட்டும்.”

“நாலு நாளா வாராவ.”

“கருங்காலிக்கு டீக்கடை பெஞ்சு போதும்.”

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆலையில் நூற்று நான்கு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இருபதாம் நாள் சவரிமுத்துவைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மாசானம் அவருக்கு வலது கை. எழுபத்தோராம் நாள் மாசானம் வேலைக்கென்று ஆலைக் கதவுக்குள் நுழைந்தார். அவர் பின்னால் பன்னிரண்டு பேர் நுழைந்தார்கள்.

செய்தி சிறைக்கு வந்தது. சவரிமுத்து அங்கிருந்தே ஒரு துண்டறிக்கை எழுதி அனுப்பினார். தலைப்பு: ‘கருங்காலிகளை அறிந்துகொள்வீர்!’ கீழே பதிமூன்று பெயர்கள். முதல் பெயர் மாசானம். ஊர் முழுக்க ஒட்டினார்கள். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. நல்ல அறிக்கை என்றுதான் இன்றைக்கும் அவருக்கு நினைப்பு.

போன வாரம் மாசானத்தின் பேத்தி விடுமுறைக்கு வந்தவள், பழைய பெட்டியைக் குடைந்து அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டாள். சென்னையில் படிக்கிற பிள்ளை. “தாத்தா, இது நீங்களா?” என்று கேட்டாள். மாசானம் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை.

மாசானம் நேரே பட்டறைக்கு வந்தார். சவரிமுத்து முகம் கொடுக்கவில்லை. உலகம்மையிடம் ஒன்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ‘எழுதினவரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லட்டும். என்ன சொன்னாலும் சரி. நான் மறுத்துப் பேச மாட்டேன்.’

“பேத்தி இன்னைக்கு அஞ்சரை ரயிலுக்குப் போறாளாம்” என்றாள் உலகம்மை.

“போகட்டும். படிச்ச பிள்ளை. அறிக்கையில எல்லாம் தெளிவா இருக்கு.”

உலகம்மை அரத்தை வைத்தாள். கிழிந்த கூடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

“இது இதுக்கு முன்னால எத்தனை தடவை வெடிச்சது?”

“தெரியாது.”

“கேட்டீயளா?”

“பித்தளைகிட்டயா?”

“கிளப்காரங்ககிட்ட.”

அவர் கேட்கவில்லை.

“பதினோரு தடவை” என்றாள். “ஒவ்வொரு வெடிக்கும் உப்பியிருக்கு. ஒவ்வொரு தடவையும் அச்சுல போட்டு நெருக்கியிருக்காங்க. பித்தளை அடிபட அடிபட இறுகும். இறுகினது வளையாது.”

“அப்ப நான் சொன்னது சரிதான? பித்தளை சரியில்ல.”

“கோழைன்னு சொன்னீய.”

சவரிமுத்து மேடைகளில் ஆயிரம் பேருக்குப் பதில் சொன்னவர். இப்போது தாங்கிய மூன்றையும் உள்ளங்கையில் எடுத்து உருட்டினார்.

“அந்த மூணு எப்படித் தாங்கிச்சு?”

“அது புதுசு. ஒரு அடியும் வாங்காதது.”

அவள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். அதே கிளப், அதே பழசு. இன்னும் ஒரு பதினைந்து.

“இளக்குங்க” என்றாள். காஸ் விளக்கைப் பற்றவைத்துப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். “கழுத்துக்கு மட்டும் சூடு காட்டணும். அடிப்பக்கம் இறுகியே இருக்கணும். அடி இளகிச்சுன்னா சுடுறவன் மூஞ்சியில வெடிக்கும்.”

“தண்ணியில போட்டா இறுகிருமே?”

“இது இரும்பில்ல அண்ணாச்சி.”

சவரிமுத்து குறடு ஒன்றை எடுத்தார். கூட்டை அடியில் இறுக்கிப் பிடித்தார். கழுத்தைத் தீயில் காட்டினார். நன்றாகவே காட்டினார். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. தண்ணீரில் போட்டார்.

உலகம்மை அதை எடுத்தாள். அடியை ஒரு விரல் உரசிப் பார்த்தாள். சுத்தியலால் ஒரே அடி. தட்டையாக்கிப் பழைய சாமான் டப்பாவில் எறிந்தாள்.

“என்ன?”

“அடியும் இளகிப்போச்சு.”

இரண்டாவதைக் கொஞ்ச நேரம்தான் காட்டினார். அவள் அதையும் பார்த்தாள்.

“கழுத்தே இளகல.”

மூன்றாவது. சுத்தியல்.

நான்காவது. சுத்தியல்.

“ஏம்மா வாத்தியாரம்மா, எத்தனை எண்ணணும்னு சொல்லித் தொலைச்சா முடிஞ்சுதுல்ல? பத்தா, பன்னெண்டா?”

உலகம்மை அவர் கையிலிருந்து குறட்டை வாங்கினாள். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

பிறகு ஒரு கூட்டை எடுத்து, அதன் அடியைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே பிடித்தாள். வெறும் கை. கழுத்தைத் தீயில் வைத்து மெல்ல உருட்டினாள். பித்தளையில் ஒரு நீல நிறம் ஊர்ந்து வந்தது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உருட்டிக்கொண்டே இருந்தாள்.

சட்டென்று தண்ணீரில் போட்டாள்.

“இது ஆகும்” என்றாள்.

“எத்தனை எண்ணினீய?”

“எண்ணல.”

“பின்ன எப்பப் போட்டீய?”

“எனக்குச் சுட்டப்ப.”

அவள் அரத்தை எடுத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

சவரிமுத்து வெறுங்கையைப் பார்த்தார். ஒரு கூட்டை எடுத்தார். பிடித்தார். உருட்டினார். முதல் சூடு வந்ததுமே விரல் தானாக விட்டுவிட்டது.

“அவசரம்” என்றாள் அவள், திரும்பாமலே.

அடுத்ததைப் பிடித்தார். நீலம் வந்தது. விரல் நுனியில் சூடு ஏறியது. இன்னும் கொஞ்சம் பிடித்தார். இன்னும் கொஞ்சம். பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் போட்டார்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

“ஆகும்.”

அடுத்ததும் ஆனது.

அதற்கடுத்ததும் ஆனது. விரல் நுனி சிவந்து தடித்திருந்தது. அந்தக் கையை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிறையில் களி மணியடித்தால் வந்துவிடும். வேலைநிறுத்தம் முடியும்வரை உள்ளே இருந்த எண்பத்து நான்கு நாளும் வந்தது. ஒரு வேளை தவறியதில்லை.

அவர் அடுத்த கூட்டை எடுக்கவில்லை.

“மணி என்ன?”

“நாலே கால்.”

“மாசானத்துக்கு அப்ப எத்தனை பிள்ளைக?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் உலகம்மை. “உங்க ஆளுதான?”

அவர் காஸ் விளக்கை அணைத்தார். சட்டையை மாட்டினார். எரிகிற விரலைக் கிண்ணத்தில் ஒரு தடவை முக்கிவிட்டு வெளியே போனார்.

டீக்கடைப் பெஞ்சில் மாசானம் உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். மடியில் நாலாக மடித்த ஒரு மஞ்சள் காகிதம் இருந்தது. சவரிமுத்து வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழைய பழக்கம்.

“தலைவரே.”

“உக்காரு.”

மாசானம் உட்காரவில்லை. சவரிமுத்துவும் உட்காரவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சவரிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் பேசிய தொண்டை.

“மாசானம், அந்த எழுபது நாளும் உன் வீட்டுல என்ன நடந்துச்சு?”

மாசானம் தெருவைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு அதை மடித்தபடியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

“வாங்க தலைவரே” என்றார். “இதை அவ முன்னால கேளுங்க.”